"சரி"ன்னு சொன்னா மட்டும் போதுமா?



அடையாறு, கிண்டி பக்கம் நின்று மேலே பார்த்தால், கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானங்கள் தெரியும். கை ஆட்டாத பிள்ளைகள் உண்டா? ஆனால் விமானி தன் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. தரையில் உள்ள கட்டுப்பாட்டு அறை எந்த உயரம் சொல்கிறதோ, அந்த உயரத்துக்குத்தான் வரணும். அதோடு, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும். வெறும் "சரி" செல்லாது. காதில் தப்பாக விழுந்திருந்தால் அங்கேயே திருத்தத்தான் இந்த விதி.

இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 1977 மார்ச் 27-ல் டெனரிஃப் தீவில் பனிமூட்டம். ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒரு விமானி, கிளம்பப் போகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். கட்டுப்பாட்டு அறை "ஓகே" என்றது. "பொறுங்கள்" என்று அடுத்துச் சொன்னது ரேடியோ இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அவர் கிளம்பிவிட்டார். 583 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி இருந்திருக்கணும். கஜகஸ்தான் விமானம் அதையும் தாண்டிக் கீழே வந்துவிட்டது. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த விமானத்தில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். அவர்களுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாததையும் விசாரணை சுட்டிக்காட்டியது. காதில் விழுந்தால் மட்டும் போதாது, ஓட்டுகிறவர் மனசில் பதியணும் என்பதுதான் இதில் பாடம்.

அதற்குப் பிறகு, மோதாமல் எச்சரிக்கும் கருவியை நம் நாடு கட்டாயமாக்கியது. "அதான் மெஷின் வந்தாச்சே!" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். மெஷின் கத்தினாலும் கேட்க வேண்டியது மனுஷன்தானே? அதனால்தான் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் ஊர்க்கதை பேசக் கூடாது என்று அமெரிக்கா 1981-லேயே விதி போட்டது.

தி.நகர் பஸ்ஸைக் கவனியுங்கள். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிற்கணும், இரண்டு விசில் கொடுத்தால் போகணும். இதில் குழப்பமே கிடையாது. ஆனால் டிரைவர் காதில் செல்போன் இருந்தால் எத்தனை விசில் ஊதி என்ன பயன்? மயிலாப்பூர் போகும் ஒரு ஷேர் ஆட்டோவில், ஓட்டுகிறவர் போன் பேசிக்கொண்டே வந்தார். உள்ளே இருந்த பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. விமானத்துக்கு மட்டும்தான் விதியா? ஆட்டோவில் போனால் உயிர் மலிவா?

என் கருத்து இதுதான். "அண்ணா, வண்டியை நிறுத்திட்டுப் பேசுங்கண்ணா" என்று நாம் தைரியமாகக் கேட்கணும். அப்பாவுக்குப் போன் செய்தால், "வண்டி ஓட்டுறியாப்பா?" என்று முதலில் கேட்போம். "ஆமா" என்றால் உடனே வைத்துவிடுவோம். டீச்சர் ஒரு வேலை சொன்னால் "சரிங்க டீச்சர்" என்று ஓடாமல், என்ன சொன்னார்கள் என்று ஒருமுறை திருப்பிச் சொல்வோம். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

காது கொடுத்துக் கேட்போம்! திருப்பிச் சொல்வோம்! உயிர் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு