சூட்டில் சோதித்தீர்களா?

போன சித்திரையில் ராஜபாளையம் சாலையில், டி. கல்லுப்பட்டியை நெருங்கும்போது என் பழைய கார் நின்றுவிட்டது. காலையில் ஒரே செல்ஃபில் எடுத்த வண்டி. உச்சி வெயிலில் உயிரில்லை. அந்த ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா மாட்டு வண்டியின் பக்கம் நின்று வாதாடியவர். அன்று புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவரை மறுக்க வாய் வரவில்லை.

ஊர்ப் பட்டறையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி பாயிண்டைக் காட்டினார். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். "கண்டென்சர் எப்பண்ணே மாத்துனீங்க?" போன மாதம்தான், புதுசு என்றேன். சிரித்துக்கொண்டே தகர டப்பாவைக் கிளறி, ஏதோ உடைத்த வண்டியிலிருந்து எடுத்த துருப்பிடித்த ஒன்றை மாட்டினார். "இது சூடு தாங்கும்ணே." தாங்கியது.

சூடு தாங்காத மின்பாகம் புதுக் கதையல்ல. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் சேவை தொடங்கியது 1910-களின் தொடக்கத்தில். கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு காடிலாக் வந்தது 1912-இல். அந்தக் காலத்து மின்பாகங்களில் இன்சுலேஷன் என்றால் பருத்தி நூல், ரப்பர், ஷெல்லாக், மெழுகேற்றிய காகிதம். மேக்னட்டோ ஆர்மேச்சரில் பூசிய ஷெல்லாக் சூட்டில் இளகி வழிந்து, ஆர்மேச்சரையே இறுக்கிப் பிடிக்கும். ஃபோர்டு டி மாடலின் 4 காயில் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பிச்சுற்று நன்றாகவே இருக்கும், தாருக்குள் புதைந்த காகிதக் கண்டென்சர்தான் கசிந்துபோயிருக்கும். பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி லூகாஸை ‘இருட்டின் இளவரசர்’ என்று கேலி பேசுவது எளிது. அதில் பாதிப் பழி துருப்பிடித்த எர்த்துக்குப் போக வேண்டியது.

வெயிலை மாற்ற முடியாது. நாம் சோதிக்கிற முறையை மாற்றலாம். மல்டிமீட்டரில் 0.2 மைக்ரோஃபாரட் காட்டினால் ‘ஓகே’ என்று மாட்டிவிடுகிறோம். மீட்டர் தருவது சில வோல்ட். பாயிண்ட் திறக்கிற கணத்தில் கண்டென்சர் மேல் ஏறுவதோ 200, 300 வோல்ட்; அதுவும் கொதிக்கும் இன்ஜின் பக்கத்தில். ஆறிய கண்டென்சரை மேசைமேல் வைத்து அளப்பது, காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டிவிட்டு தெர்மாமீட்டர் வைப்பது போலத்தான். ஹேர் டிரையரால் 80 டிகிரி வரை சூடேற்றி, 250 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) கசிவு பாருங்கள். பார்த்ததும் டிஸ்சார்ஜ் செய்ய மறக்க வேண்டாம், கை உதறும்.

பழைய கண்டென்சரின் டப்பாவுக்குள் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் கண்டென்சரைப் புதைப்பது வண்டியின் அசலைக் கெடுக்கும் என்று வாசகர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். வெளியே பார்த்தால் அதே டப்பா, அதே திருகு. கண்காட்சிக்கு லாரியில் ஏறிப் போகும் வண்டி என்றால் மெழுகுக் காகிதத்தையே வைத்துக்கொள்ளட்டும். சாலையில் ஓடுகிற வண்டிக்கு ஃபிலிம்தான் என்பது என் கட்சி.

அடுத்த இதழிலிருந்து வாசகர்களின் கண்டென்சர் கணக்குகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். மாட்டிய கண்டென்சரின் பேட்ச் எண், ஓடிய கிலோமீட்டர், ஆறியபோதும் சூட்டிலும் மெக்கர் காட்டிய அளவு, நின்றபோது மணி என்ன: இவ்வளவு எழுதி அனுப்பினால் போதும். என் வண்டியின் கணக்கை நானே முதலில் எழுதியிருக்கிறேன். அந்தத் துருப்பிடித்த கண்டென்சருக்குப் பேட்ச் எண் மட்டும் படிக்க முடியவில்லை.