முகம் இல்லாத மீன்

வஞ்சிரம் ஒரு சுமாரான மீன். இதைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நின்று உரக்கச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது, அதனால் எழுதுகிறேன். அங்கே வந்து நிற்கும் கார்களில் பாதி அந்த ஒரு மீனுக்காகவே அண்ணா நகரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வருகின்றன. கார்க்கதவு முழுசாகத் திறப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "வஞ்சிரம் எவ்ளோ?" கடலில் வேறு எதுவும் நீந்துவதாகவே அவர்கள் காட்டிக்கொள்வதில்லை. மிஞ்சிப்போனால் வவ்வால், சங்கரா. அதற்கு மேல் போனால் இறால்.

நான் திருவொற்றியூரில் பிறந்து, ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் வாங்கப் பழகியவன். எங்கள் பக்கத்துக்கும் இந்த நோய் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வஞ்சிரம். ஆபீஸில் பெரியவர் யாருக்காவது கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் வஞ்சிரம். கவலையோ காரப்பொடியோ வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டுக்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், மாசக் கடைசியா?" என்று அனுதாபத்தோடு விசாரிக்கிறார். அன்று தேதி மூன்று.

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா என்கிறார்கள். மலையாளத்தில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. கரைக்குக் கரை பெயர் மாறுகிறது, மரியாதை மட்டும் மாறவில்லை. சங்கப் பாடல்களில் அயிலையும் வாளையும் சுறாவும் இறாலும் வருகின்றன. வஞ்சிரத்தைப் பாடிய புலவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வஞ்சிரத்தைப் புகழ்கிறவர்கள் என்ன சொல்லிப் புகழ்கிறார்கள் என்று கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். முள் இருக்காது. வாடை வராது. ஆய்கிற தொல்லை கிடையாது. எல்லாம் இல்லாதவற்றின் பட்டியல். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. முள்ளும் வாடையும் தலையும் வாலும் வேண்டாம் என்றால் உங்களுக்கு மீனே வேண்டாம் என்றுதானே பொருள்? வஞ்சிரம் மீன் பிடிக்காதவர்களின் மீன். அவர்கள் தின்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை ராஜா என்று ஊர் முழுக்கத் தண்டோரா போடுவதில்தான் ஆட்சேபணை.

வறுவலை எடுத்துக்கொள்வோம். ஒரு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு, இப்போது புதிதாகச் சோளமாவும் சேர்த்து அப்பித் தவாவில் போடுகிறார்கள். மேலே கரகரப்பு. நடுவில் பிட்டுப் பாருங்கள்: உப்பும் காரமும் எட்டாத வெள்ளைச் சதை, வறண்டு, நார்நாராக. அரை நிமிடம் கூடுதலாகக் கிடந்தால் அட்டை. நாம் காசு கொடுத்துத் தின்பது மசாலாவை. அந்த மசாலாவை வாழைக்காயில் தடவி வறுத்தாலும் முக்கால்வாசி சந்தோஷம் கிடைத்துவிடும்.

குழம்பில் நிலைமை இன்னும் மோசம். நல்ல மீன் கொதிக்கும் குழம்புக்குத் தன் எண்ணெயைக் கொடுக்கும், பதிலுக்குப் புளிப்பை வாங்கிக்கொள்ளும். வஞ்சிரத் துண்டு கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. சம்பந்தமில்லாத கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதன் தலையைப் போட்டு வைக்கும் குழம்பு மட்டும் விதிவிலக்கு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வஞ்சிரம் வாங்க வருகிறவர்கள் தலையை வெட்டுகிறவரிடமே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முழு மீனுக்கு ஒரு முகம் உண்டு. கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, கலங்கிக் குழிந்திருக்கிறதா? செவுளைத் தூக்கினால் சிவப்பா, பழுப்பா? வயிற்றில் விரலை அழுத்தினால் பள்ளம் எழும்புகிறதா, அப்படியே கிடக்கிறதா? ஒரு கவலையைக் கையில் எடுத்தால் அது எப்போது செத்தது என்பதை அதுவே சொல்லிவிடும். துண்டு மீன் எதையும் சொல்லாது. எந்த மீன் என்பதைக்கூடச் சொல்லாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஓட்டலில் வஞ்சிரம் வறுவல் வந்தது. எனக்காக இல்லை, கூட வந்த நண்பருக்கு. துண்டின் ஓரத்தில் தோலைப் பார்த்தேன், செதில் எடுத்த தடம் வரிசையாக இருந்தது. வஞ்சிரத்தின் தோல் வழவழவென்று இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரிச் செதில் அதற்குக் கிடையாது. சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரிஜினல் கடல் வஞ்சிரம் சார்" என்றார். குளத்து வஞ்சிரம் எங்கே கிடைக்கிறது என்று கேட்க நினைத்தேன். நண்பர் அதற்குள், "சூப்பரா இருக்குப்பா" என்று பாதியை முடித்துவிட்டிருந்தார். வஞ்சிரப் பக்தியின் ஆழம் எனக்கு அன்று புரிந்தது.

புதுசு என்ற பேச்சுக்கு வருவோம். காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஒன்று போனால் பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே தங்கிவிட்டுத் திரும்புவது சாதாரணம். முதல் நாள் மாட்டிய வஞ்சிரம் அத்தனை நாளும் ஐஸுக்குள் கிடக்கும். இந்தப் பக்கம் திருவொற்றியூர் குப்பத்திலும் எண்ணூர் தாழங்குப்பத்திலும் ஃபைபர் படகுக்காரர்கள் ராத்திரி போய் விடிந்ததும் கரையேறுகிறார்கள். அவர்கள் வலையில் இருப்பது பெரும்பாலும் கவலை, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி. கூடையில் கொட்டும்போது சிலது இன்னும் துள்ளும். அதைத் தாண்டிப் போய்த்தான் நாம் ஐஸ் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலத்தில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகும். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வஞ்சிரம் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வரும். கிலோ ஆயிரத்தைத் தாண்டினாலும் ஆள் குறைவதில்லை. அந்த நாட்களில் நம் கரையில் உண்மையிலேயே புதுசாகக் கிடைப்பது சின்னப் படகுக்காரர்களின் சின்ன மீன் மட்டும்தான்.

அப்படி ஒரு மே மாதத்தில், நான் வழக்கமாக வாங்கும் அக்கா கேட்டார். "இன்னா நைனா, வரவன்லாம் வஞ்சரம் வஞ்சரம்னு பூந்து அட்ச்சிக்கிறான், நீ இன்னாத்துக்கு காரப்பொடியாண்ட குந்திக்கினு கீற?"

"உன் வூட்ல இன்னிக்கி இன்னா கொழம்புக்கா?" என்றேன்.

"நெத்திலி. மாங்கா போட்டு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "வஞ்சரம் விக்கிறதுக்கு நைனா. துன்றதுக்கு இது."

வசதி இல்லாதவர் வேறென்ன சொல்வார் என்று உடனே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு வஞ்சிரத்தை அந்த அக்கா தன் சட்டியில் போட்டால் அன்றைய லாபம் போயிற்று. ஆனால் எனக்குத் தெரிந்து இரண்டு விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் வீட்டிலிருந்தும் வாரத்தில் நாலு நாள் அதே வாசனைதான் வருகிறது. அவருக்கு என்ன பஞ்சம்?

காரப்பொடி ஒரு விரல் நீளம்கூட இருக்காது. வெள்ளியைத் தகடாகத் தட்டியது மாதிரி மெல்லிசு. தொட்டால் கையெல்லாம் கோழை. அதன் வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் மாதிரி முன்னால் நீளும். சின்ன வயதில் அம்மா மீன் ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் விளையாடிய விளையாட்டு அது. கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் நாலு தரம் உரசிக் கழுவினால் கோழை போய்விடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டுக்கு அடுத்தபடியாக எங்கள் பக்கம் வைப்பது காரப்பொடிக் குழம்புதான். பிள்ளை பெற்றவளுக்குக் கிண்ணத்தில் எடுத்து வைத்ததை வீட்டு ஆண்கள் நைசாகக் காலி செய்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. நெத்திலிக்கு அருவாமனைகூட வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளினால் குடலும் அதோடு வந்துவிடும். மாங்காய் பாதி வெந்ததும் மீனைக் கொட்டி, கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. மூன்றே நிமிடம். மறுநாள் காலை அந்தக் குழம்பை இட்லிக்கு ஊற்றிக்கொண்டவர்களிடம் நான் வாதாட வேண்டியதில்லை.

முள் பயம் ஒன்று இருக்கிறதே என்பீர்கள். கவலையின் முதுகை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பிளந்தால் நடுமுள் சீப்பு மாதிரி ஒரே இழுப்பில் வந்துவிடும். எனக்கு நாலு வயதில் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் ஒரு வருஷம் அம்மா எடுத்துத் தருவார், அப்புறம் நீயே எடு. தொண்டையில் மாட்டினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள். இன்றைய டாக்டர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள், சரி. ஆனால் விரலுக்கு இருந்த அந்தப் படிப்பு ஒரு தலைமுறையில் போய்விட்டது. செல்போனைப் பார்த்துக்கொண்டே கவலை தின்ன முடியாது என்பதுதான் அதன் மேல் உள்ள மெய்யான புகார் என்று எனக்குச் சந்தேகம். பெயர் கவலையாக இருப்பதும் அதன் துரதிர்ஷ்டம். தெற்கே அதன் இனத்துக்குப் பெயர் சாளை. அதிலேயே எண்ணெய் மிகுந்த மத்திக்குப் பேய்ச்சாளை என்று பட்டம் வேறு.

வஞ்சிரம் எதைத் தின்று வளர்கிறது தெரியுமா? கவலையையும் நெத்திலியையும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்குவதை அது துரத்தித் துரத்தித் தின்கிறது. இப்படிப் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன, கடலில் இருக்கும் பாதரசம் பெரிய மீனின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்த கிங் மேக்கரல் என்ற அட்லாண்டிக் மீனை, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய வரிசையில் சுறாவோடு சேர்த்து வைத்திருக்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். மத்தியும் நெத்திலியும் சிறந்த தேர்வு என்கிற வரிசையில் இருக்கின்றன. நம்முடையது வேறு இனம். எப்போதோ ஒரு துண்டு தின்றவர் பதற வேண்டியதில்லை. "குழந்தைக்கு வஞ்சிரம்தான் நல்லது" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

சின்ன மீன் பிடித்தால் கடல் அழிந்துவிடாதா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சின்ன மீன் வேறு, மீன் குஞ்சு வேறு. மத்தி ஒரு வருஷத்துக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும், அதன் ஆயுசே இரண்டு இரண்டரை வருஷம். வஞ்சிரம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வளர்ந்தால்தான் முதல் முட்டை. மார்க்கெட்டில் "குட்டி வஞ்சிரம், சீப்பா தரேன்" என்று முழங்கை நீளத்தில் விற்கிறார்களே, அது ஒரு முறைகூட முட்டையிடாத குஞ்சு. பெரியதை வாங்க முடியாதவர்களும் அந்தப் பெயரைத் தின்ன ஆசைப்பட்டதன் பலன். இன்னொரு பக்கம், நாம் சீண்டாத மத்தி தீவன ஆலைக்குப் போகிறது. நாலைந்து கிலோ மீனை அரைத்தால் ஒரு கிலோ தூள். அது பண்ணை இறாலுக்குத் தீனி. அந்த இறாலை நாம் மத்தியைப்போல் மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணூர் கழிமுகத்து மடவையையும் இறாலையும் பற்றி இவ்வளவு உற்சாகமாக என்னால் எழுத முடியவில்லை. அந்த மடவைக்கு நிகராக ஒன்றை நான் தின்றதில்லை. ஆனால் அந்தக் கழிமுகத்தில் வந்து சேரும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தது, வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. காட்டுக்குப்பத்துப் படகுகளும் வலைகளும் கறுப்பாயின. அதற்கப்புறம் வடசென்னை மீன் என்றாலே வேண்டாம் என்று சொல்லப் பலருக்கு வசதியாகிவிட்டது. கடலில் கூட்டமாகத் திரியும் கவலையும் நெத்திலியும் வேறு, கழிமுகத்து மீன் வேறு. கழிமுகம் கெட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆலைக்காரர்களும் அவர்களுக்கு அனுமதி கொடுத்தவர்களும். அதன் தண்டனையை மீன் கூடைக்காரியின் தலையில் ஏற்றாதீர்கள்.

அடுத்த ஞாயிறு காசிமேட்டுக்கு வந்தால் ஐஸ் பெட்டிகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்து பாருங்கள். தரையில் தார்ப்பாய் விரித்துக் காரப்பொடியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறில் இன்னும் ஒரு கை அள்ளிப் போடச் சொன்னால் போடுவார்கள். ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்கப்புறம் வந்தால் வஞ்சிரம்தான் இருக்கும்.