தண்டவாளத்தைத் தாண்டாத தண்ணீர்

2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் கொண்டு செல்லப்பட்டது. ஜூலை 12 அன்று சென்ற முதல் ரயிலில் 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருந்தது. மாநில அரசு ரூ.65 கோடி ஒதுக்கியது. குடிநீர் வாரியமும் ரயில்வேயும் கட்டணம் பேசி முடித்தன. அறிவிப்பு வந்த சில வாரங்களில் ரயில் ஓடியது.

அதை நாம் குறை கூறவில்லை. மனம் இருந்தால் இரண்டு துறைகளும் எவ்வளவு வேகமாக உடன்பாட்டுக்கு வர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வேகம் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் காலனிகளுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே நம் கேள்வி.

ஊரும் மேல்நிலைத் தொட்டியும் ஒருபுறம், காலனி மறுபுறம் என்றால், குழாய் தண்டவாளத்துக்கு அடியில் போயாக வேண்டும். ரயிலை நிறுத்தாமல் துளையிட்டு, உறைக்குழாய் செலுத்தி, அதனுள் தண்ணீர்க் குழாயைப் பதிக்க வேண்டும். வரைபடத்துக்கு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. வேலையை ரயில்வே செய்தால் அது 'டெபாசிட் பணி'. மதிப்பீட்டுத் தொகையையும் மேற்பார்வைக் கட்டணத்தையும் கேட்பவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த ஊராட்சி இதற்கு எங்கே போகும்? கோப்பு தூங்குகிறது, காலனிப் பெண்கள் குடத்துடன் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள்.

வாகனப் போக்குவரத்து மிகுந்த கடவைகளில் மேம்பாலம் கட்ட ரயில்வேயும் மாநில அரசும் பாதிப்பாதி செலவேற்கும் முறை நெடுங்காலமாக உண்டு. வாகனத்துக்குப் பொருந்தும் பங்கீடு குடிநீருக்கு ஏன் பொருந்தாது?

மக்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்கவில்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் நடக்கும் பணிகளுக்கு மக்கள் பங்கு 10 சதவீதம். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் 5 சதவீதம். அதை உழைப்பாகவும் தரலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அத்திட்டத்தின் அளவு. தண்டவாளம் அந்த அளவைக் குறைத்துவிடக் கூடாது.

நாம் கேட்பது மூன்று. குடிநீர்த் திட்ட மதிப்பீட்டிலேயே ரயில் பாதைக் கடப்புச் செலவைச் சேர்க்க வேண்டும். ஊராட்சியால் இயலாத தொகையை மாநில அரசும் ரயில்வேயும் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் வேண்டும். ஒப்புதலுக்குக் காலக்கெடு வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, உங்கள் காலனியின் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று கேளுங்கள். வரும் பதிலை அடுத்த கிராம சபையில் வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டியது தண்ணீர் மீதான சம உரிமையை. அந்த உரிமை தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒன்றே.