பிறந்த ஆண்டு ஒரு குற்றமா?



பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. "சார், அந்தப் பழைய இத்தாலிய வண்டியை எப்போது தலைமுழுகப் போகிறீர்கள்?" கேட்பவர்கள் நல்லெண்ணத்துடன்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போல எண்ணுவோருக்கும் இப்பதிவே என் மறுமொழி.

என்னிடம் இருப்பது 1999இல் பதிவான டுகாட்டி எஸ்டி2. 944 சிசி, இரட்டைச் சிலிண்டர். வேகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒருசேர உருவாக்கப்பட்ட வகை. கிளமெண்டியிலிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறினால் துவாஸ் இணைப்பு; அதனைக் கடந்தால் மலேசிய நெடுஞ்சாலை. இவ்வண்டியின் அருமை அங்கேதான் விளங்கும்.

"இத்தாலிய வண்டி ஓயாமல் பழுதாகும்" என்பர். பாதி உண்மை. பிற இயந்திரங்களில் வால்வை மூடுவது சுருள்வில். டுகாட்டியில் அதற்கெனத் தனி நெம்புகோல் உண்டு. 1956இல் பொறியாளர் ஃபாபியோ டாலியோனி டுகாட்டியின் பந்தய வண்டியில் புகுத்திய முறை இது. வால்வு இடைவெளியைக் காலந்தவறாது சரிபார்க்க வேண்டும். டைமிங் பெல்ட்டை ஓடினாலும் ஓடாவிட்டாலும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். செய்பவனுக்கு வண்டி உழைக்கும். செய்யாதவனை நடுவழியில் நிறுத்தும். இது வண்டியின் குறையன்று.

ஆனால் இனி நான் எவ்வளவு பேணினாலும் பயனில்லை. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பின் நம் சாலைகளில் ஓடக்கூடாது என 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே பதிவை நீக்கியோருக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை வழங்கும் திட்டமும் 2023 ஏப்ரலில் முடிந்தது.

நோக்கத்தை நான் பழிக்கவில்லை. யூரோ 1 மாசுக் கட்டுப்பாடு இங்கு மோட்டார் சைக்கிள்களுக்கு நடப்புக்கு வந்ததே 2003 ஜூலையில்தான். அதற்கு முந்தையவை புதியவற்றைவிட அதிகம் புகை கக்கும் என்பது உண்மை. வகுப்பில் மூச்சிரைப்புடன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை அன்றாடம் காணும் எனக்கு அதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என் வாதம் வேறு. ஆண்டுதோறும் பரிசோதனை நிலையத்தில் இவ்வண்டியின் புகையை அளக்கிறார்கள். தேறாவிட்டால் ஓட்ட முடியாது. அந்த அளவுகோல் போதாதென்றால் இன்னும் கடுமையாக்குங்கள். தோற்றால் நானே கழிவு நிலையத்துக்குத் தள்ளிச் செல்கிறேன். தேர்வையும் வைத்துவிட்டு, விடைத்தாளைத் திருத்தாமல் பிறந்த தேதியைப் பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியரை நாம் ஏற்போமா?

இதில் ஒரு முரணும் உண்டு. 35 ஆண்டு நிறைந்த வாகனம் 'கிளாசிக்' திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். அத்திட்டத்தில் உள்ளவற்றுக்கு 2028 தடை இல்லை. ஆக, என் வண்டியைவிடப் பழையது, அதைவிடக் கூடுதலாகப் புகைவது, சட்டப்படி ஓடும். 2034இல் 35ஐ எட்டவேண்டிய என் வண்டி, ஆறாண்டுக்கு முன்பே மடியவேண்டும்! தாத்தாவைப் போற்றும் வீட்டில், தாத்தாவாகும் முன்பே தந்தையை வெளியேற்றுவது என்ன நியாயம்?

தினமும் ஓட்ட நான் உரிமை கோரவில்லை. 25 ஆண்டு கடந்து, புகைச் சோதனையில் தேறும் வண்டிகளுக்கும் அதே 45 நாள் வரம்பைத் தாருங்கள். ஆண்டில் 320 நாள் நிழலில் நிற்கும் வண்டியால் காற்று எவ்வளவு கெட்டுவிடும்? விதி மாறாவிட்டால் நான் கீழ்ப்படிவேன். ஆசிரியன் சட்டத்தை மீறலாகாது. ஆயினும் கீழ்ப்படிதல் வேறு, சரியென ஒப்புதல் வேறு.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதுங்கள். "பழையது, ஆகவே தூக்கியெறி" என்பதை மட்டும் வாதமாக வைக்காதீர்கள்.