ஏன் நான்கு? ஏன் இரண்டு இல்லை?

“சுகர் ஏறியிருக்கே, என்னத்தைச் சாப்பிட்டீங்க?” நீரிழிவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கேள்வி பழகிப்போயிருக்கும். பதிலும் பழகியதுதான்: “எப்பவும் போலத்தான் டாக்டர்.” அது முழு உண்மையல்ல என்று கேட்டவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னவருக்கும் தெரியும். “சோத்தைக் குறைங்க, நடங்க” என்ற அறிவுரையோடு சீட்டு கைக்கு வரும். அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால், கூண்டில் ஏற்றி நிறுத்திக் கேட்டால் யாராயிருந்தாலும் தற்காப்புப் பதிலைத்தான் சொல்வார்கள்.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள் என்றது 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். மருந்து கிடைப்பதில் நாம் நிறையவே முன்னேறியிருக்கிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது, 2024-இல் ஐ.நா. விருதும் பெற்றது. அடுப்படியிலும் டீக்கடையிலும் நடப்பதை மாற்றும் வேலைதான் அப்படியே கிடக்கிறது. அதற்கு நம் கையில் உள்ள ஒரே கருவி அறிவுரை. அறிவுரைக்குத் தமிழ்நாட்டில் என்றைக்காவது தட்டுப்பாடு வந்திருக்கிறதா?

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், 1980-களின் தொடக்கத்தில் நார்வேயின் பெர்கன் நகரில் இளம் உளவியலாளர்களுக்குக் குடிநோயாளிகளிடம் பேசும் முறையை நடித்துக் காட்டினார். அவர்கள் இடையிடையே நிறுத்தி, “இதை ஏன் கேட்டீர்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று துளைத்தார்கள். தன்னையறியாமல் தான் செய்துவந்ததை அவர்களுக்கு விளக்க வேண்டிய கட்டாயத்தில்தான் மில்லரின் முறை எழுத்து வடிவம் பெற்றது. 1983-இல் கட்டுரையாக வந்தது. 1991-இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை நூலாக்கினார். மாறவேண்டிய காரணத்தை நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் அந்த முறையின் அடிப்படை. மருத்துவர் மாற்றத்துக்கு வாதாடினால், நோயாளி தானாகவே எதிர்த்தரப்பு வக்கீலாகிவிடுகிறார்.

இந்த முறையில் பயன்படும் ஒரு கேள்வியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், நாளைக்கு ஆறு டீ குடிப்பவர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். “சக்கரை இல்லாம டீ குடிச்சுப் பழகிடுவேன்னு உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்குண்ணே? பத்துக்கு எத்தனை போடுவீங்க?” என்று கேட்டால், “நாலு போடலாம்” என்பார். நம் வழக்கப்படி அடுத்து என்ன வரும்? “ஏன் நாலுதான்?” உடனே தடைகள் வரிசைகட்டும்: அலுப்பு, தலைவலி, கசப்பு, கூட்டாளிகளின் கிண்டல். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவருக்கே அது இன்னும் உறுதியாகிவிடும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: “ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னீங்களே, ஏன்?” அவர் கொஞ்சம் யோசிப்பார். “காலைல வீட்டுல குடிக்கிறது சக்கரை இல்லாமதானே. ஸ்டாண்டுக்கு வந்தாத்தான் மாஸ்டர் எல்லாருக்கும் சேத்து ஒரே மாதிரி ஆத்திடுறாரு.” அவருக்கு ஏற்கெனவே முடிந்த ஒன்று வெளியே வந்துவிட்டது. சிக்கல் நாக்கில் இல்லை, ஆர்டர் சொல்லும் விதத்தில் இருக்கிறது என்பதும் வந்துவிட்டது. இனி ஒரே கேள்விதான் பாக்கி: “நாளைக்கு ஸ்டாண்டுல போய் நின்னதும் மாஸ்டர்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

இந்தக் கடைசிக் கேள்விக்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவுசெய்தவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்தே எழுதிவருகிறார். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு இலவச ஃப்ளூ தடுப்பூசி முகாம் பற்றிக் கடிதம் போனது. சிலருடைய கடிதத்தில் மட்டும், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று அவர்களே எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தது. அந்தத் தாளை யாரும் திரும்ப வாங்கவில்லை, எழுதினார்களா என்று பார்க்கவும் இல்லை. ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 33.1 சதவீதத்திலிருந்து 37.3 ஆனார்கள். தேதியை மட்டும் கேட்ட கடிதத்துக்கு இவ்வளவு பலன் இல்லை. மணியையும் கேட்டதில்தான் விஷயம் இருந்தது. நான்கு சதவீதப் புள்ளி உயர்வு பெரிய அதிசயமொன்றும் இல்லை. ஆனால், செலவு காகிதத்தில் இரண்டு கோடுகள்.

நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களைத் தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிப் பேருக்குக் கைபேசியில் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. அவை கேள்விகள் அல்ல, ஆலோசனைகளே. ஆனால் எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடவில்லை. மாற்றத்துக்கு அவரவர் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்ற கணக்கில் செய்திகள் வடிவமைக்கப்பட்டன. அந்தக் கணக்கு ஆளைக் கேட்டால்தானே தெரியும்?

இதற்கெல்லாம் படித்த நிபுணர்கள் வேண்டுமே என்பது வழக்கமான ஆட்சேபம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மட்டுமீறிக் குடிக்கும் ஆண்களிடம், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத சாதாரண ஆட்கள் பயிற்சி பெற்றுப் பேசினார்கள். அதிகபட்சம் நான்கு சந்திப்பு. 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் அந்த நிலையிலிருந்து மீண்டவர்கள் பேச்சு கிடைத்த குழுவில் 36 சதவீதம், கிடைக்காத குழுவில் 26. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: தொடர்ந்து குடித்தவர்கள் குடிக்கும் அளவு குறையவில்லை. சிலருக்குக் கதவு திறக்கிறது, சிலருக்குத் திறப்பதில்லை. அதை மறைத்து இந்த முறையை விற்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே என் வாதம் இதுதான்: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலருக்கு, மாத்திரைப் பட்டையோடு இப்படி இரண்டு கேள்விகளைக் கேட்கவும், கேட்டபின் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் பயிற்சி தர வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். அவர் அதே தெருக்காரர். “அக்கா, நேத்து கல்யாண வீட்ல ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டீங்கல்ல” என்று சொல்லிவிடும் உரிமையும் ஆசையும் அவருக்கு உண்டு. சொன்ன கணமே அவரும் விசாரணை அதிகாரிதான்.

கேட்பதாலேயே எல்லாம் நன்மையாகிவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். போதைப்பொருள் எடுப்பீர்களா என்று மாணவர்களிடம் கேட்டதே அந்தப் பழக்கம் கூட வழிசெய்தது என்று 2006-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கைபேசிச் செயலிகள் வேறு, தினமும் இரவு ஒன்பது மணிக்கு “இன்று உங்களுக்காக என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுத் தொல்லை தருகின்றன, முதல் வாரம் யோசித்துப் பதில் எழுதுகிறவர் அடுத்த மாதம் பார்க்காமலே தள்ளிவிடுகிறார். எங்கள் ஊர் அதிகாரவர்க்கத்தின் கைக்குப் போனால் இதைவிட மோசமாகும்: “கேள்வி கேட்கப்பட்டதா? ஆம் / இல்லை” என்று ஒரு கட்டம், மாதம் இத்தனை வீடு என்று ஓர் இலக்கு. அதோடு கதை முடிந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, ஏழரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் பெண்ணிடம் “எத்தனை மணிக்கு நடப்பீங்க?” என்று கேட்பது கொடுமை. அவர் “பத்துக்கு ஒண்ணு” என்றால் அது மனவுறுதிக் குறைவு ஆகாது; அவருடைய நாளின் சரியான கணக்கு. “ராத்திரி எட்டு மணிக்கு நடக்கலாம், ஆனா தெருவிளக்கு எரியல, நாய்த் தொல்லை” என்று ஒரே தெருவில் பத்துப் பெண்கள் சொன்னால், அதற்கு மேல் அவர்களைக் கேட்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது பேரூராட்சி அலுவலகத்தை. தன்னார்வலரின் பதிவேட்டில் சுகர் அளவுக்குப் பக்கத்தில், “என்ன தடுக்கிறது?” என்று அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத ஒரு வரி இடம் விடலாம். மாதம் ஒருமுறை அந்த வரிகளைச் சுகாதாரத் துறைக்குள்ளேயே அடுக்கி வைக்காமல், வார்டு உறுப்பினரையும் மின் பணியாளரையும் உட்காரவைத்து வாசிக்கலாம். பத்துக்கு எத்தனை என்று அவர்களிடமும் கேட்கலாம்.