வணங்காக் கழுத்து

ஆங்கிலத்தில் 'ஸ்டிஃப்' என்றொரு சொல் உளது. வளையாத் தன்மையைக் குறிக்க யாவர் வாயிலும் வழங்குவது அது. அதற்கு 'விறைப்பான' என்று ஒரே பொருள் எழுதி அமைதியுறுவோர் மாணவருட் பலர். அவ்வாறு அமைதல் சாலாது என்பதே நம் கருத்து.

இச்சொல் ஆங்கிலர் பிறரிடம் இரவல் பெற்றதன்று. பழைய ஆங்கிலத்திலேயே 'ஸ்டீஃப்' என வழங்கியது. ஜெர்மன் மொழியின் 'ஷ்டைஃப்' இதன் உடன்பிறப்பு. நெருக்கித் திணித்தலைக் குறிக்கும் 'ஸ்டிப்பாரே' என்னும் இலத்தீன் சொல்லும் இதற்கு உறவென்பர் மொழிநூலார். நெருங்கிச் செறிந்த பொருள் எளிதில் வளையாதன்றோ?

முதலிற் பொருள்களின் இயல்பைக் கூறிய இச்சொல், பின்னர் மாந்தரின் இயல்பையுங் கூறத் தலைப்பட்டது. கஞ்சியிட்ட கழுத்துப்பட்டையும் ஸ்டிஃப்; கலகலப்பின்றிப் பழகுவோரும் ஸ்டிஃப். கடினமான தேர்வு, மிகுந்த விலை, வலிய காற்று, காரமிக்க மது ஆகியனவும் அவ்வடை பெறும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் தம் கொச்சை வழக்கிற் பிணத்திற்கே அதனைப் பெயராக்கினர். 'விறைப்பான விலை' என்று நாம் எழுதினால் கடைக்காரரும் நகைப்பாரன்றோ?

ஆயின் செய்யத் தக்கது யாது? ஒரு சான்று காண்போம். யாத்திராகமத்தில் இஸ்ரவேலரைக் குறிக்கும் எபிரெயத் தொடர், 'கடினமான பிடரியுடையார்' எனப் பொருள்படும். நுகத்திற்கு இணங்காத எருதின் சாயல் அது என்பர். அக்கருத்தே அமைந்த கிரேக்கச் சொல்லை, ஸ்தேவானின் உரையில், வில்லியம் டிண்டேல் 1526இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டில், 'ஸ்டிஃப்' என்பதைக் கழுத்தோடு கூட்டி மொழிபெயர்த்தார்.

நம் தமிழ் வேதாகமமோ 'வணங்காக் கழுத்து' என்கிறது. வணங்குதலுக்கு வளைதலும் பொருள், தொழுதலும் பொருள். வளையாமையும் தொழாமையும் ஒரு சொல்லிலேயே அடங்கிவிட்டன. வணங்கத் தகாத கன்றுக்குட்டியை வணங்கி, வணங்கத் தக்கவரை மறந்த மக்களுக்கு இதனினும் பொருந்துஞ் சொல் யாது? ஆங்கிலத் தொடரில் இந்நயம் இல்லை.

தமிழிற் சொல்லில்லை என்று வருந்துவோரும், அகராதியின் முதற் சொல்லையே பற்றி நிற்போரும் இதனைக் கருதுவாராக. நாமும் அப்பிழை செய்தவரே. திருத்தப்பட்ட நம் பயிற்சி ஏடுகளே சாட்சி. மொழிபெயர்ப்போன் மூலநூலின் கருத்துக்கும் வணங்குதல் வேண்டும். தாய்மொழியின் மரபிற்கும் வணங்குதல் வேண்டும். வணங்காக் கழுத்து அவனுக்கு ஆகாது.