பாசம் எந்த ஷிப்டில் வருகிறது?

கிடையில் விழுந்த வயசாளியைப் பார்த்துக்கொள்ளப் பாசம் போதாதா, அதற்குச் செவிலியர் ஆராய்ச்சி எதற்கு என்று போன இதழில் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஊசி போட வேண்டிய நர்சுகள் கட்டுரை எழுதக் கிளம்பிவிட்டார்களாம். அப்பத்தாவையும் அப்பாரையும் கவனிக்க நம் கொங்குக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையாம். காங்கேயம் பக்கம் வீடுகளில் கிடையில் கிடப்பவர்களைப் பார்த்த பிறகும் இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தப் பாசம் என்ன செய்கிறது? முதுகு சிவந்ததும் ஸ்பிரிட் வைத்துத் தேய்க்கிறது. பவுடர் கொட்டுகிறது. மெடிக்கலில் ரப்பர் வளையம் வாங்கி இடுப்புக்கு அடியில் வைக்கிறது. ஸ்பிரிட் தோலை வறட்டும். தேய்க்கத் தேய்க்க உள்ளே நைந்த சதை மேலும் நையும். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இங்கிலாந்து மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆளுக்கொரு பூச்சைத் தடவிக்கொண்டிருந்தன. டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் இன்னும் இருவருடன் சேர்ந்து, முதியோர் வார்டில் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து 1962இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எதைத் தடவினோம் என்பதைவிட, ஆளை நேரம் தவறாமல் திருப்பிப் போட்டோமா என்பதே முக்கியம் என்று காட்டிய ஆய்வு அது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 20க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் உஷார் என்றது. புண் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிற கணக்கு. பாசத்துக்குப் புண் நாறிய பிறகுதான் தெரியும்.

சீமை ஆராய்ச்சி நமக்கெதற்கு என்பது பெரியவரின் அடுத்த அம்பு. எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நசுங்குகிற தோலுக்குச் சீமையும் தெரியாது, சிவன்மலையும் தெரியாது. ஆனால் நார்ட்டனின் வார்டில் ராப்பகலாகச் செவிலியர் இருந்தார்கள். இங்கே தோட்டத்துச் சாளை வீட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார் அப்பார். மருமகள் விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறித் திருப்பூர் போய்விடுகிறார். ஒன்றரை ஷிப்டு என்றால் வீடு திரும்ப ராத்திரி. பகலெல்லாம் காவலுக்கு இருப்பது முட்டிவலிக்காரியான எழுபது வயது மனைவி. அறுபது கிலோ ஆளை அவர் ஒருத்தியாக எப்படிப் புரட்டுவார்? கயிற்றுக் கட்டிலில் எத்தனை மணிக்கொரு தரம் புரட்டினால் போதும்? சித்திரை வெயிலில் வியர்வையில் ஊறும் முதுகுக்கு என்ன விரிப்பு? இதற்கு விடை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லை. இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கிற செவிலியரால்தான் சொல்ல முடியும். அவரைத்தான் பெரியவர் ஊசி போடப் போகச் சொல்கிறார்.

பனியன் கம்பெனியில் ஒரு காலர் வைக்க எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச் பிடித்துக் கணக்கெடுக்கிற ஊர்ப்பக்கம் இது. அதை வேண்டாத வேலை என்று யாரும் சொன்னதில்லை. பனியனுக்கு ஆராய்ச்சி உண்டு, பாட்டிக்குக் கிடையாது.

படித்த நர்சு என்ற பெரியவரின் கிண்டலுக்கும் பதில் இருக்கிறது. லிண்டா எய்க்கன் என்ற செவிலிய ஆய்வாளர் தம் குழுவுடன் செய்த, 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 50 வயதோ அதற்கு மேலோ ஆன நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பட்டம் பெற்ற செவிலியர் 10 சதவீதம் கூடிய இடத்தில் அதே 7 சதவீதம் குறைந்தது.

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் பல கல்லூரி அலமாரியில் தூங்குகின்றன என்கிறார் பெரியவர். மெய்தான். பாடம் நடத்தும் முன் ஒரு பரீட்சை, நடத்திய பின் ஒரு பரீட்சை என்று ஒரே அச்சில் வார்த்தவை பல. அதற்கு மருந்து அந்த மாணவர்களைச் சாளைக்கு அனுப்புவது. ஆய்வையே நிறுத்துவது அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவுச் செவிலியர் வீடு தேடி வருகிறார். அவர் பார்ப்பதைக் குறித்து வைத்துத் தொகுத்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

பெரியவர் மறுப்பு எழுதட்டும். எழுதும்போது, கிடையில் கிடக்கிறவரைக் காலை பத்து மணிக்கு யார் புரட்டுவது, பன்னிரண்டுக்கு யார், இரண்டுக்கு யார் என்று ஆள் பெயர் போட்டு எழுதட்டும். அதில் ஒரு வேளைக்காவது தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டும்.